மலைச்சரிவிலிருந்து கண்மாய் வரை: செண்பகத்தோப்பு வட்டாரத்தில் குடிசார் பொறியியலின் வளர்ச்சியும் பிரிவுகளும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே அமைந்த செண்பகத்தோப்பும், அங்கிருந்து தெற்கே இராஜபாளையம் வரை நீளும் அடிவாரச் சமவெளியும் குடிசார் பொறியியலின் வரலாற்றைப் பயில்வதற்கு மிகப் பொருத்தமான களமாகும். கண்மாய்க் கரை, மடை, கோபுரம், நெடுஞ்சாலை, இருப்புப்பாதை, குடிநீர்க் குழாய் என அத்துறையின் ஆக்கங்கள் பலவும் இங்கே அருகருகே நிற்பதோடு, எது முன்னர் வந்தது, எது பின்னர் வந்தது என்பதும் நிலத்தைப் பார்த்தாலே ஓரளவு விளங்குகிறது. நீர்வளம், மண், கட்டமைப்பு, போக்குவரத்து, நில அளவை, பொதுச் சுகாதாரம் என்று இன்று பாடத்திட்டத்திலும் அரசு அலுவலகங்களிலும் தனித்தனியே நிற்கும் பிரிவுகள் இவ்வட்டாரத்தில் நெடுங்காலம் ஒரே வேலையின் உறுப்புகளாகவே இருந்தன. அவை பிரிந்தது 19ஆம் நூற்றாண்டின் நிர்வாகத்தோடும் கல்வியோடும்தான். அப்பிரிவினையால் கணக்கில் துல்லியம் கூடியது. மலையிலிருந்து வயல் வரை நீரின் போக்கை ஒரே பார்வையில் வைத்து எண்ணும் பழக்கம் குறைந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விருதுநகர் மாவட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெறும் வறண்ட நிலம். அம்மழையிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரையான சில வாரங்களில் கொட்டித் தீர்கிறது. செண்பகத்தோப்பில் இறங்கும் பேயனாறு போன்ற ஓடைகள் வைப்பாற்று வடிநிலத்தைச் சேர்ந்தவை. ஓடும் தூரம் குறைவு, சரிவு அதிகம். ஆகவே மலையில் மழை வலுத்த சில மணி நேரத்துக்குள் அடிவாரத்தில் வெள்ளம் புரள்கிறது, மழை நின்றபின் வெகுசீக்கிரம் மணல் தெரிகிறது. இத்தகைய ஓடையில் ஒரே நேரத்தில் வரக்கூடிய பெருவெள்ளத்தின் அளவை, மழையின் வேகம், நீர்ப்பிடிப்புப் பரப்பு, அப்பரப்பில் மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவிடும் நீரின் விகிதம் ஆகிய மூன்றையும் பெருக்கி மதிப்பிடுவது நீரியலின் தொடக்கப் பாடம். மூன்றாவதாகச் சொன்ன விகிதம் காடு அடர்ந்திருந்தால் குறையும், காடு அழிந்தால் கூடும். மலைக்காடும் இவ்வகையில் ஒரு பொறியியல் அளவை.

கண்மாய்: பிரிக்கப்படாத பொறியியல்

இந்தச் சிக்கலுக்கு இப்பகுதி மக்கள் கண்ட விடை கண்மாய். ஸ்ரீவில்லிபுத்தூரின் பெரியகுளம் கண்மாய் தொடங்கி இராஜபாளையத்தைச் சூழ்ந்த கண்மாய்கள் வரை எல்லாம் ஒரே அமைப்பின் வெவ்வேறு வடிவங்கள். நிலம் கிழக்கு நோக்கிச் சாய்வதால், சரிவுக்குக் குறுக்கே வளைந்த ஒரு மண்கரை போட்டால் மேல்புறம் நீர் தேங்கும். மலையோடையிலிருந்து வரத்துக்கால் நீரைக் கொண்டுவருகிறது. மடை வழியாக அது வயலுக்குப் போகிறது. மிஞ்சியது கலிங்கில் வழிந்து மறுகாலாக ஓடி அடுத்த கண்மாயின் வரத்தாகிறது. கரையின் நீளம், மடைவாயின் மட்டம், கலிங்கின் உயரம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால், கருவி ஏதுமின்றி நீரோட்டத்தையே மட்டப்பலகையாகக் கொண்டு நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் கணித்த அளவையறிவு இதற்குள் அடங்கியிருக்கிறது.

கரையின் வலிமை மண்ணைப் பொறுத்தது. மண்கரை பெரும்பாலும் மூன்று வகையில் உடைகிறது. நீர் கரைக்கு மேலேறி வழிந்து அரிப்பது ஒன்று. கரைக்குள் கசியும் நீர் நுண்மண்ணை இழுத்துக்கொண்டு போய்ச் சிறு துளையைப் பெருந்துளையாக்குவது மற்றொன்று. நனைந்து கனத்த சரிவு அப்படியே நழுவி இறங்குவது மூன்றாவது. முதலாவதைத் தடுக்கக் கலிங்கு உண்டு. மற்ற இரண்டையும் தடுக்க, மண்ணை ஒரே மூச்சில் குவித்துவிடாமல் அடுக்கடுக்காகப் பரப்பி, நீர் தெளித்து, மாடுகளை விட்டு மிதிக்கச் செய்து இறுக்கினார்கள். குறிப்பிட்ட ஓர் ஈரப்பதத்தில்தான் மண் மிக நெருக்கமாக இறுகும் என்பதை அமெரிக்கப் பொறியாளர் பிராக்டர் 1933இல் சோதனை முறையாக வகுத்தார். மண்ணின் நடத்தையைத் தனி அறிவியலாக்கிய கார்ல் டெர்சாகியின் நூல் 1925இல் வெளிவந்தது. அவர்கள் எண்ணால் சொன்னதைக் கரை போட்டவர் கைப்பிடி மண்ணை உருட்டிப் பார்த்து அறிந்தார். ஆனால் எண் இருந்தால் அந்த அறிவை முன்பின் அறியாத ஊரிலும் பயன்படுத்தலாம், கைப்பழக்கத்தை அப்படி எடுத்துச் செல்ல முடியாது என்ற வேறுபாட்டையும் மறுப்பதற்கில்லை.

பாண்டி நாட்டுக் கண்மாய்களில் காணப்படும் குமிழி மடையின் நுட்பம் தனியே நோக்கத்தக்கது. கரைக்குச் சற்று உள்ளே, நீருக்குள் இரண்டு கற்றூண்கள் நிற்கும். அவற்றை இணைக்கும் பலகைக் கற்களில் ஒன்றின் நேர்கீழ் ஒன்றாகத் துளை இருக்கும். அத்துளைகளின் வழியே இறங்கும் கழியின் நுனியில் உள்ள அடைப்பு, அடியிலுள்ள கல்தொட்டியின் வாயை மூடுகிறது. கழியை உயர்த்தினால் நீரோடி எனப்படும் அவ்வாய் திறந்து, நீர் கரைக்கு அடியில் செல்லும் கல்வாய்க்கால் வழியே வயலுக்குப் போகிறது. தொட்டியின் அடிப்பக்கத்தில் தரைமட்டத்தை ஒட்டிய சிறு துளைகள் சேறோடி எனப்படும். மேலே நீர் சுழித்து இறங்கும்போது அவை அருகில் படிந்த வண்டலை உறிஞ்சி வெளியேற்றுகின்றன. பாசனத்துக்கு நீர் திறப்பதும் மடையடியில் தூர் வாருவதும் ஒரே செயலில் நடக்க, வயலுக்கு வண்டலும் சேர்கிறது. ஒரு பயனுக்கு ஒரு கருவி என்று எண்ணாத இந்த வடிவமைப்பு, எந்தக் காலத்துப் பொறியியல் மாணவரும் வரைபடமாக வரைந்து பழகத் தக்கது. கலிங்கின் மேல் வரிசையாக நட்ட கற்களுக்கும் இத்தகைய பயன் உண்டு. பருவத்தின் முற்பகுதியில் அவற்றின் இடைவெளி திறந்திருந்து வெள்ளத்தைப் போக விடும். மழை ஓயும் தறுவாயில் இடைவெளியை மண்ணாலும் பலகையாலும் அடைத்துச் சற்றுக் கூடுதல் நீரைத் தேக்கிக்கொள்வர்.

இவ்வமைப்பைப் பேணியவர்கள், மடை திறந்து வயல்களுக்கு நீர் பங்கிட்ட நீர்பாய்ச்சிகளும், குடிமராமத்து என்னும் ஏற்பாட்டின்படி ஆண்டுதோறும் வரத்துக்கால் வெட்டிக் கரை உயர்த்திய ஊராரும் ஆவர். ஆங்கிலேய அரசு 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றி அதை உறுதிப்படுத்த முனைந்தது. வழக்கமாக நடந்ததைச் சட்டமாக்க வேண்டி வந்ததே அவ்வழக்கம் தளர்ந்ததற்குச் சான்று.

கல்லும் சுதையும்

கட்டமைப்புப் பொறியியல் என்பது ஒரு கட்டுமானத்தின் எடையும், அதன்மேல் வரும் காற்று, நில அதிர்வு போன்ற விசைகளும் எவ்வழியே தரையைச் சென்றடைகின்றன என்று கணித்து, அவ்வழியில் எந்த உறுப்பும் முறியாதபடி அமைக்கும் கலை. ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் 11 நிலை இராஜகோபுரம், ஏறத்தாழ 192 அடி உயரத்தில், இதற்கு உள்ளூரில் கிடைக்கும் சிறந்த எடுத்துக்காட்டு. அடிப்பகுதி கருங்கல், மேல்நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சுதையும். கனமானது கீழே, இலேசானது மேலே என்ற இம்முறையாலும், நிலைக்கு நிலை அகலம் குறைந்து செல்வதாலும், ஈர்ப்பு மையம் தாழ்ந்து எடை முழுவதும் அழுத்தமாகவே கீழிறங்குகிறது. கல்லும் செங்கல்லும் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்கா. அதனால்தான் வாசலின் குறுக்கே கிடக்கும் உத்தரக்கல் வளைந்து அடிப்புறம் விரிசல் விடாதிருக்க, தூணின் தலையில் போதிகையை நீட்டி உத்தரத்தின் தாங்கலற்ற நீளத்தைக் குறைத்தனர். கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்த்துப் புளிக்க வைத்துக் குழைத்த சுண்ணாம்பு மெதுவாக இறுகுவதால், கட்டடம் தன் எடையில் சிறிது சிறிதாகப் படியும்போது ஏற்படும் நுண்ணிய அசைவுகளுக்கு அது ஈடுகொடுக்கிறது. இத்தனை எடையையும் ஏற்கும் மண்ணின் தாங்குதிறனை ஆராய்வது அடித்தளப் பொறியியல்.

பிரிவுகள் பிரிந்த காலம்

படைத்துறைப் பொறியாளரிடமிருந்து தம்மை வேறுபடுத்திக் குடிசார் பொறியாளர் என்று முதன்முதலில் அழைத்துக்கொண்டவர் 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயர் ஜான் சுமீட்டன் என்பர். இலண்டனில் அத்துறையினருக்கான நிறுவனம் 1818இல் தோன்றியது. தமிழகத்தில் இவ்வரலாறு அளவையிலிருந்து தொடங்கியது. 1794இல் சென்னையில் நில அளவைப் பள்ளி ஏற்பட்டது. 1802இல் ஆங்கிலேய அளவையாளர் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து முக்கோண அளவையைத் தொடங்கினார். அந்தப் பள்ளியே வளர்ந்து 1859இல் பொறியியல் கல்லூரியாகி, பின்னர் கிண்டியில் நிலைகொண்டது. நிலத்தை அளந்தால்தான் வரி விதிக்க முடியும் என்ற அரசின் தேவை அளவையியலுக்கு முதலிடம் தந்தது. காவிரியில் பணியாற்றிய ஆர்தர் காட்டன், ஆழம் காண இயலாத மணலில் அடித்தளம் அமைக்கும் முறையைக் கல்லணையிலிருந்து கற்றதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கல்லூரிகள் அவருடைய பாடத்தை ஏற்றுக்கொண்டன. அவருக்குப் பாடம் சொன்னவர்களைப் பாடத்திட்டத்தில் சேர்க்கவில்லை.

அரசுப் பொறியியல் இம்மலைத்தொடரையும் எட்டியது. பெரியாறு இதன் சிவகிரிப் பகுதியில் தோன்றி மேற்கே ஓடுகிறது. ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக்கின் தலைமையில் 1887இல் தொடங்கி 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை, மலைமுதுகைத் துளைத்து ஒரு மைலுக்கு மேல் நீளும் சுரங்கத்தின் வழியே அந்நீரை வைகைப் படுகைக்குத் திருப்பியது. சுண்ணாம்பும் செங்கல்தூளும் கலந்த சுர்க்கிக் காரையே அதன் உடல். கிழக்கில் மண் காய மேற்கில் நீர் வீணாவதைப் பார்த்துக்கொண்டிருந்த வைப்பாற்று உழவர்களுக்கு, தங்கள் மலையிலும் இது கூடும் என்ற எண்ணத்தை அவ்வணை விதைத்தது. செண்பகத்தோப்பில் அழகர் அணை கட்ட வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கையின் வேர் அதில் இருக்கிறது. 1970களில் வத்திராயிருப்புக்கு அருகே கட்டப்பட்ட பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகள் இரண்டும், 47, 42 அடி என்னும் மிதமான நீர்மட்டத்தோடு, இம்மலையின் கிழக்கு நீரை மட்டும் தேக்கிக் கண்மாய்களுக்கு விடுகின்றன. பழைய கண்மாய்த் தொடரை அழிக்காமல் அதற்குத் தலைமடையாக அமைந்ததே அவற்றின் சிறப்பு.

போக்குவரத்துப் பொறியியல் வேறு திசையிலிருந்து வந்தது. விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குச் செல்லும் இருப்புப்பாதை 1927இல் திறக்கப்பட்டது. திருமங்கலம் - கொல்லம் நெடுஞ்சாலையும் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழியே செல்கிறது. இரண்டுக்கும் இடையில் ஒரு பொதுத்தன்மை உண்டு. நீர் மலையிலிருந்து கிழக்கே ஓட, இவை ஏறத்தாழ மலைக்கு இணையாக, நீரின் போக்குக்குக் குறுக்கே ஓடுகின்றன. உயர்த்திய சாலைமேடும் தண்டவாள மேடும் கரை என்று பெயர் பெறாத கரைகள். ஒவ்வொரு ஓடைக்கும் வரத்துக்காலுக்கும் விடப்படும் பாலத்தின் கண்வாய் போதிய அகலமும் சரியான அடிமட்டமும் பெற்றிருந்தால்தான் கீழேயுள்ள கண்மாய் நிறையும். கண்வாய் குறுகினால் மேற்கே வீடுகள் நீரில் நிற்க, கிழக்கே கண்மாய் வறண்டு கிடக்கும். சாலைக்கு ஒரு துறையும் கண்மாய்க்கு வேறொரு துறையும் பொறுப்பாயிருக்கும்போது, அந்தச் சிறு பாலத்தின் அளவை முடிவு செய்பவர் இரண்டு கணக்கையும் அறிந்திருக்க வேண்டும். நெடுஞ்சாலை நான்கு வழியாக விரிவடையும் இக்காலத்தில் இது இன்னும் கூர்மையான தேவை.

கட்டுமானப் பொருளியலிலும் இவ்வட்டாரத்தின் பங்கு பெரிது. இராஜபாளையத்தைச் சேர்ந்த பி.ஏ.சி. இராமசாமி ராஜா தொடங்கிய மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் முதல் ஆலை 1960களின் தொடக்கத்தில் விருதுநகருக்கு அருகே இயங்கத் தொடங்கியது. சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணோடு சுட்டு அரைத்த சிமெண்டும், இழுவிசையைத் தாங்கும் இரும்புக் கம்பியும் சேர்ந்தபோது, போதிகை செய்த வேலையைக் கான்கிரீட்டுக்குள் கம்பி செய்தது. கொத்தனாரின் கைத்திறனைச் சார்ந்திருந்த கட்டுமானம் கலவை விகிதத்தையும் நாள்கணக்கில் நீர் ஊற்றிப் பதப்படுத்துவதையும் சார்ந்ததாயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே கிருஷ்ணன்கோயிலில் 1984இல் கலசலிங்கம் பொறியியல் கல்லூரி தோன்றியபின் இவற்றைக் கற்க இளைஞர்கள் சென்னைக்கோ மதுரைக்கோ செல்ல வேண்டிய நிலை மாறியது.

பொதுச் சுகாதாரப் பொறியியல், இன்றைய வழக்கில் சுற்றுச்சூழல் பொறியியல், குடிநீரைத் தூய்மையாக்கிக் கொண்டுவருவதையும் கழிவுநீரைத் தீங்கின்றி வெளியேற்றுவதையும் தன் பணியாகக் கொண்டது. இராஜபாளையத்தின் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும், செண்பகத்தோப்புப் பேயனாற்றுப் படுகையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சி எடுக்கும் குடிநீரும் மலையடிவாரத்தை நம்பியவை. நகரங்கள் பெருகப் பெருகத் தாமிரபரணியிலிருந்து நெடுந்தூரக் குழாய்களும் வந்தன. ஆற்றுமணல் இயற்கையான வடிகட்டி. மணலை அள்ளினால் படுகைக் கிணறு நீரையும் இழக்கும், தூய்மையையும் இழக்கும். குடிநீர் எடுப்பவரும் மணலைக் காப்பவரும் ஒரே கணக்கில் வந்தாக வேண்டிய இடம் இது.

சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. இனிச் செண்பகத்தோப்பில் எந்த அணையை வரைந்தாலும், 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி ஒப்புதல் பெற்றாக வேண்டும். அழகர் அணையைக் கேட்கும் உழவரின் தாகமும் நியாயமானது, காட்டைக் காப்போரின் அச்சமும் நியாயமானது. நீரில் மூழ்கும் காடு எவ்வளவு, அக்காடு இப்போது மண்ணுக்குள் இறக்கிவைக்கும் நீர் எவ்வளவு, அடிவாரக் கண்மாய்களைத் தூர்வாரி வரத்துக்கால்களை மீட்டால் அதே மழையில் கூடுதலாகத் தேங்குவது எவ்வளவு என்ற மூன்று கணக்குகளையும் ஒரே தாளில் போட்டுப் பார்ப்பதுதான் அணையின் உயரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை. 2017இல் தமிழக அரசு புதுப்பித்த குடிமராமத்து அவற்றில் மூன்றாவது கணக்கைத் தொட்டது. மற்ற இரண்டும் அதனோடு சேர வேண்டும்.