மூன்று பணப்பைகள்



ஒரு சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் புறப்பட்டால், சில வேளைகளில் ஒரு வீட்டு வாசலிலே போய் நிற்க நேரிடும். ஜேர்மன் மொழியிலே பங்குச் சந்தையைக் குறிக்கும் 'பேர்ஸ' என்ற சொல் அத்தகையது.

அந்த வீடு ஜேர்மனியில் இல்லை. இன்றைய பெல்ஜியத்தின் புரூஜ் நகரிலே இருந்தது. 13 ஆம் நூற்றாண்டிலே வான் டெர் பேர்ஸ என்ற குடும்பத்தார் அங்கே சத்திரம் நடத்தினர். அவர்களது குலச் சின்னத்தில் மூன்று பணப்பைகள். அந்நாளைய சத்திரக்காரர் உணவும் படுக்கையும் மட்டும் கொடுப்பவரல்லர். ஊரறியாத வணிகருக்கு அவரே தரகர். சரக்குக்கும் பணத்துக்கும் அவரே காவலர். வெனிஸ், ஜெனோவா, புளோரன்ஸ் வணிகரின் மனைகளும் அந்த முற்றத்தைச் சூழ எழுந்தன. குடும்பத்தின் பெயர் முதலில் இடத்துக்கும், பின்னர் அங்கு கூடிய கூட்டத்துக்கும், ஈற்றில் நிறுவனத்துக்கும் உரியதாயிற்று. இத்தாலியரான லொடொவிக்கோ குவிச்சார்தினி 1567 இல் வெளியிட்ட நூலிலேயே இக்கதையைச் சொல்கிறார்.

கடலுக்குச் செல்லும் நீர்வழி தூர்ந்துபோக, புரூஜின் வணிகம் அன்ட்வேர்ப்புக்குப் பெயர்ந்தது. 1531 இல் அங்கே சந்தைக்கெனத் தனிக் கட்டடம் எழுந்தது. 1558 இல் ஹம்பேர்க்கிலும் சந்தை தோன்றியது. ஊர் நலிந்தது, சொல் வாழ்ந்தது.

இன்னும் ஆழத் தோண்டினால், கிரேக்க மொழியில் தோலைக் குறித்த சொல், இலத்தீனில் தோற்பையாகிய 'புர்ஸா' ஆயிற்று. பொதுப் பணத்தில் ஒன்றாய் உண்டு வாழ்ந்த மாணவர் விடுதியும் அப்பெயரைப் பெற்றது. அதிலிருந்தே இளைஞனைக் குறிக்கும் 'புர்ஷ' என்ற ஜேர்மன் சொல் பிறந்தது. சந்தையும் மாணவனும் ஒரு பைக்குள்ளிருந்து வந்த உடன்பிறப்புகள்!

ஆனால் 1873 இன் பெருவீழ்ச்சி பலரது சேமிப்பை விழுங்கிய பின், 'பேர்ஸ' பலர் வாயில் வசைச்சொல்லாயிற்று. அறிஞர் மக்ஸ் வேபர் 1894 இல் தொழிலாளருக்கென அதே பெயரில் ஒரு சிறுநூல் எழுத நேர்ந்தது. அது சதிகாரர் மடமன்று, நவீன வணிகத்துக்கு வேண்டிய சந்தையே என்று அவர் விளக்கினார். எனினும் தானிய ஊக வாணிகத்தை 1896 இன் சட்டம் தடைசெய்தது.

வேபரின் நியாயத்தை நான் ஏற்கிறேன். மக்களின் கோபத்தையும் ஏற்கிறேன். பிறர் பணத்துக்குக் காவல் நின்ற வீட்டின் பெயர் அது. அந்தக் காவல் தவறியபோதுதான் சொல் கசந்தது. பணப்பையை ஜேர்மானியர் இன்றும் 'கெல்ட்பேர்ஸ' என்கிறார்கள். மாளிகைக்கும் மடிக்கும் ஒரே பெயர். மாளிகையில் புரள்வது யாரோ ஒருவர் மடியிலிருந்து போன பணம் என்பதை அந்தச் சொல் மறக்கவில்லை.