பாலையாவின் அதிகாரம்: வில்லனும் சிரிப்பும்

டி. எஸ். பாலையாவின் திரைவாழ்வை முன்பாதி வில்லன், பின்பாதி நகைச்சுவை என்று பிரித்துப் பார்ப்பது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் கைக்கொண்ட சரக்கு ஒன்றுதான்: அதிகாரம் தன்னிடம் இருப்பதாக நம்பும் மனிதனின் மிடுக்கு. மாறியது அந்த மிடுக்குக்குக் கதை தந்த முடிவு.

1936-இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’யில், நாயகனைக் குடிக்கு இழுத்துக் குடும்பத்தைக் கெடுக்கும் ராமநாதன் அவர். எம்.ஜி.ஆருக்கும்கூட அதுவே முதல் படம். இயக்குநர் எல்லிஸ் ஆர். டங்கன் கலிபோர்னியாவில் சினிமா படித்துவிட்டு வந்த அமெரிக்கர். அதே 1936-ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் ஹாலிவுட் முதன்முறையாகத் துணை நடிகருக்கு ஆஸ்கர் வழங்கியது. பெற்றவர் வால்டர் பிரென்னன். இங்கோ நாடக மேடையிலிருந்து வந்த குணச்சித்திர நடிகருக்குப் பெயர் மட்டும் நிலைத்தது. டங்கனின் ‘அம்பிகாபதி’ (1937), பிறகு ‘மதுரை வீரன்’ (1956) என்று வில்லன் வேடங்கள் இருபது ஆண்டுகளைக் கடந்தும் தொடர்ந்தன.

‘காதலிக்க நேரமில்லை’ (1964) விஸ்வநாதனை எடுத்துக்கொள்வோம். எஸ்டேட் முதலாளி, பணத்தாசை பிடித்தவர், கோபக்காரர். வேலையிலிருந்து நீக்கப்பட்ட இளைஞன் அவர் வீட்டெதிரே கொட்டகை போட்டுப் போராடுகிறான். பழைய படமாக இருந்தால் இந்த முதலாளி கொடியவராகவே முடிந்திருப்பார். நெய்வேலியில் 1956-இல் நிலக்கரி நிறுவனம் அமைந்து, 1962-இல் மின் உற்பத்தியும் தொடங்கி, மாதச் சம்பளக் குடும்பங்கள் ஒரு நகரியமாகவே திரண்டுகொண்டிருந்த காலம் அது. முதலாளியைப் பார்த்துச் சிரிக்கத் துணிந்த அந்த நகைச்சுவையை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்ப்பதே பொருந்தும். நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியில் பாலையாவுக்குப் பேச்சு மிகக் குறைவு. கண் விரிகிறது, உடல் ஒடுங்குகிறது, அதட்டிப் பழகிய மனிதர் நடுங்குகிறார். முதலில் அந்த அதட்டல் மெய்யாக இருந்ததால்தான் நடுக்கம் சிரிப்பாகிறது. வெறும் கோமாளியால் இதைச் செய்ய முடியாது (நாகேஷின் பங்கைக் குறைத்துச் சொல்லவில்லை, அந்தக் காட்சி இருவருக்கும் சொந்தம்).

அடுத்த ஆண்டே ‘திருவிளையாடல்’. பாலமுரளிகிருஷ்ணாவின் குரலுக்கு வாயசைக்கும் ஹேமநாத பாகவதரிடம் அதே மிடுக்கு. விறகுவெட்டியின் பாட்டைக் கேட்டதும் இரவோடிரவாக ஊரை விட்டே ஓட்டம். வில்லனா, நகைச்சுவையா என்று இவ்வேடத்தைப் பிரிக்க முயல்வது வீண்வேலை.

இந்த வாதத்துக்கு அடங்காத வேடம் ஒன்று உண்டு: ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) தவில்காரர். அங்கே ஆணவம் முழுக்க நாயகனுடையது. பாலையா அதற்குத் தாளம் போடும் துணை. தன் ஆயுதத்தை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு அருகில் நிற்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

பாலையா 1972-இல் மறைந்தார். துணை நடிகருக்கான தேசிய விருது 1984-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வழங்கப்படுகிறது.