ரூபாய்க்கு 3 பை: தஞ்சாவூர் ஜில்லா போர்டு போட்ட ரயில்

ரயில் பாதை என்றாலே ‘அது சென்ட்ரல் கவர்ன்மெண்ட் சமாச்சாரம்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். எம்.பி. மனு கொடுப்பார், மந்திரி பரிசீலிப்பார், ஊர்க்காரர்கள் பட்ஜெட் அன்றைக்குப் பேப்பரைப் புரட்டுவார்கள். ஆனால் நூறு வருஷத்துக்கும் முன்னால் ஒரு மாவட்டம் தன் நிலத்தின் மீது வரி போட்டு, அந்தப் பணத்தில் தனக்கென்று ஒரு ரயில் பாதை போட்டுக்கொண்டது. அதுதான் தஞ்சாவூர். இந்தியாவில் சொந்தமாக ரயில் பாதை வைத்திருந்த முதல் ஜில்லா போர்டு அதுவே.

நம் கல்லூரியில் ரயில்வே என்ஜினீயரிங் பேப்பர் எழுதியவர்களுக்கு கேஜ், ஸ்லீப்பர், பாயின்ட் எல்லாம் தெரியும். பணம் யாருடையது என்று எந்தக் கேள்வித்தாளும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்தக் காலத்துப் பெரிய பாதைகளைப் போட்டவை லண்டனில் பங்கு விற்ற கம்பெனிகள். நாகப்பட்டினத்திலிருந்து 1861இல் தஞ்சைக்கு ரயில் விட்ட கிரேட் சதர்ன் கம்பெனியும் அந்த ரகம்தான். பங்குதாரருக்கு 5 சதவீதம் வட்டி உறுதி. வருமானம் குறைந்தால் மிச்சத்தை இந்தியக் கஜானா கட்டும். சிக்கனமாகக் கட்டு என்று கம்பெனியிடம் யார் சொல்லப் போகிறார்கள்?

ஜில்லா போர்டின் வழி வேறு. நிலத்தின் மீது ரூபாய்க்கு 3 பை ரயில் செஸ். ஒரு ரூபாய்க்கு 192 பை, ஆகவே 64இல் ஒரு பங்கு, சதவீதத்தில் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல். பார்க்கச் சின்னத் தொகைதான். ஆனால் காவிரிப் பாசன நஞ்சை முழுக்க வசூலானால் சின்னத் தொகையா அது? அந்தப் பணத்தில் மாயவரத்திலிருந்து பேரளம், நன்னிலம், திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 54 மைல் மீட்டர் கேஜ் பாதை, 1894இல் திறந்தது. 1903இல் பட்டுக்கோட்டையைத் தாண்டி அறந்தாங்கி வரை நீண்டது. ரயில் ஓட்டுகிற வேலையைப் போர்டு தலையில் போட்டுக்கொள்ளவில்லை. அதைச் சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி பார்த்துக்கொண்டது. பாதை போர்டுக்குச் சொந்தம்.

திட்டமிட்ட விதத்தைப் பாருங்கள். மாயவரமும் திருவாரூரும் ஏற்கெனவே வேறு வேறு ரயில் பாதைகளில் இருந்த ஊர்கள். போர்டின் பாதை இரண்டையும் இணைத்துவிட்டு, ரயிலே பார்க்காத தென்பகுதிக்கு இறங்கியது. டெல்டாவில் ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன, இந்தப் பாதையோ வடக்கிலிருந்து தெற்கே போகிறது. அதனால் வழியெல்லாம் பாலம். லாபம் மட்டுமே பார்க்கிற கம்பெனி இதைத் தொட்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். செஸ் கட்டினவன் ஊருக்கு ஸ்டேஷன் வேண்டும் என்பதால் போர்டு தொட்டது.

இதை ஜனநாயகம் என்று சொல்லித் துள்ள வேண்டாம். 1884ஆம் வருஷத்து உள்ளாட்சிச் சட்டப்படி ஜில்லா போர்டுக்குத் தலைவர் கலெக்டர். நாற்று நட்டவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் மாதிரி பரவியது. கோயம்புத்தூர் போர்டு போத்தனூர் - பொள்ளாச்சி பாதையை 1915இலும், திருநெல்வேலி போர்டு திருச்செந்தூர் பாதையை 1923இலும் கொண்டுவந்தன.

அப்புறம் பணப்பை டெல்லிக்கு நகர்ந்தது. ஆக்வொர்த் கமிட்டியின் சிபாரிசை ஒட்டி 1924இல் ரயில்வே நிதி பொது பட்ஜெட்டிலிருந்து பிரிந்தது. மாவட்டப் பாதைகள் பின்னாளில் சர்க்கார் வசம் போயின. 1958ஆம் வருஷத்துச் சட்டத்தோடு ஜில்லா போர்டுகளே கலைந்தன. உரிமை கேட்க ஆளில்லை. அதன் விலையை அதே டெல்டாதான் கொடுத்தது. நீடாமங்கலம் - மன்னார்குடி பாதை 1976இல் நின்று 2011இல்தான் திரும்பி வந்தது. மயிலாடுதுறை - தரங்கம்பாடி ரயில் 1986இல் நின்றது. அகலப்பாதை வேலைக்கென்று திருவாரூர் - காரைக்குடிப் பாதையை 2012இல் மூடினார்கள், முழுதாகத் திறந்தது 2019இல். திறந்த புதிதில் லெவல் கிராசிங்குக்குக் கேட் கீப்பர் இருக்கவில்லை. ரயிலிலேயே ஆள் வந்து, இறங்கிக் கேட்டை மூடி, ரயில் தாண்டியதும் திறந்துவிட்டு, மறுபடி ஏறிக்கொண்டார். 150 கிலோமீட்டருக்கு அப்போது ஆறு மணி நேரம் ஆனது. செஸ் கட்டின மிராசுதார் பார்த்திருந்தால் போர்டு மீட்டிங்கில் மேசையைத் தட்டியிருப்பார்.

பணத்தை யார் போடுவது என்ற தகராறு இன்றைக்கும் தீரவில்லை. 82 கிலோமீட்டர் டெல்லி - மீரட் வட்டார விரைவு ரயிலைக் கட்டிய நிறுவனத்தில் மத்திய அரசுக்குப் பாதி. டெல்லி, உத்தரப் பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான் ஒவ்வொன்றுக்கும் 12.5 சதவீதம். டெல்லி அரசு தன் பங்கைக் கட்டாமல் இழுத்தடிக்க, 2023இல் உச்ச நீதிமன்றம் ‘விளம்பரத்துக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து எடுங்கள்’ என்று சொல்லும் அளவுக்குப் போனது.

2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசும் இந்த மாதிரி ரயிலுக்கு மூன்று வழித்தடங்களை ஆராயப்போவதாக அறிவித்தது: சென்னை - விழுப்புரம் 167 கி.மீ., சென்னை - வேலூர் 140 கி.மீ., கோவை - சேலம் 185 கி.மீ. தற்போது படிக்கும் தம்பி தங்கைகள் யாராவது இதை ப்ராஜெக்டாக எடுத்தால், முதலில் நிதி அத்தியாயத்தைப் பிரியுங்கள். உள்ளாட்சியின் பங்கு எவ்வளவு, அந்தப் பங்குக்கு நிர்வாகக் குழுவில் எத்தனை நாற்காலி என்று தேடுங்கள். மூன்று தடத்தில் ஒன்றுகூடத் தஞ்சாவூர் பக்கம் வரவில்லை என்பதையும் மேப்பை விரிக்கும்போது பார்ப்பீர்கள்.