அருணகிரியின் அக்கா எங்கே போனாங்க?

போன பௌர்ணமிக்கு திருவண்ணாமலை போயிருந்தேன். கிரிவலம் முடிச்சு, கால் கெஞ்சக் கெஞ்ச கோயில் கியூவுல நின்னேன். கிழக்கு ராஜகோபுரம் தாண்டினா அடுத்து வர்றது வல்லாள மகாராஜா கோபுரம். அருணகிரிநாதர் உயிரை விடணும்னு ஏறிக் குதிச்சதா சொல்றது இதுல இருந்துதான். நான் ரொம்ப நாளா 217 அடி ராஜகோபுரம்னே நினைச்சிட்டிருந்தேன். ஆனா அது கிருஷ்ணதேவராயர் காலத்துல எழும்பினது. அருணகிரி அதுக்கு முன்னாடி. அவர் பாட்டுலயே பிரபுடதேவ மகாராஜா பேர் வருது. 1422ல இருந்து 1446 வரை ஆண்ட இரண்டாம் தேவராயர்தான் அவர்ங்கிறது ஆய்வாளர்கள் கணிப்பு.

கதை உங்களுக்குத் தெரியும். அப்பா அம்மா இல்லாத பையனை அக்கா வளர்க்கிறாங்க. பையன் தாசி வீடே கதின்னு கிடந்து சொத்தை அழிக்கிறான், நோய் வருது. அப்பவும் காசு கேட்டு வந்து நிக்கிறான். கொடுக்க அக்காகிட்ட எதுவும் இல்லை, தன்னையே கொடுக்கறதைத் தவிர. அவங்க அதைச் சொன்னதும் பையன் உடைஞ்சு போய் கோபுரம் ஏறுறான். முருகன் தாங்கிப் பிடிக்கிறார். அதுக்கப்புறம் திருப்புகழ். இன்னிக்கு நம்ம கையில இருக்கிறதே 1300 பாட்டுக்கு மேல.

இந்த ஊதாரி வாழ்க்கைக்கு அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் கிடையாது. பாட்டுல அவர் தன்னையே திட்டிக்கிறதை வெச்சு பின்னாடி வளர்ந்த கதையா இருக்கலாம். அது எனக்குப் பிரச்சினை இல்லை. என் முதல் செமஸ்டர் ஃபீஸுக்கு வளையலை அடகு வெச்சது என் அக்கா. அதனாலயோ என்னவோ, எனக்கு ஒரே கேள்விதான். குதிச்சதுக்கு அப்புறம் அந்த அக்கா எங்கே? கடவுள் மன்னிச்சாச்சு. காசு போனது, மானம் போனது அவங்களுக்கு. அவங்க மன்னிச்சாங்களா? நான் கேட்டு வளர்ந்த கதையில அந்த சீனே இல்லை. (அப்பர் கதை பரவாயில்லை. சமணத்துல இருந்து திரும்பி வந்தவருக்கு, கோயிலுக்குக் கூட்டிப் போறதுக்கு முன்னாடி, திருநீறு கொடுத்தது அக்கா திலகவதி.)

அந்த விடுபட்ட சீன் நம்ம காலத்துல, கிறிஸ்தவக் குடும்பம் ஒண்ணுல நிஜமா நடந்திருக்கு. கேரளாவுல பெரும்பாவூர் பக்கம் புல்லுவழிங்கிற ஊர்ல பிறந்த கன்னியாஸ்திரி ராணி மரியா. மத்தியப் பிரதேசத்துல உதய்நகர் ஏழை விவசாயிகளை வட்டிக்காரங்க பிடியில இருந்து வெளியே கொண்டு வர வேலை செஞ்சவங்க. அது பிடிக்காதவங்க சமுந்தர் சிங்னு ஒரு இளைஞரை ஏவி விட்டாங்க. 1995 பிப்ரவரி 25, இந்தூர் போற பஸ். ஜனங்க பார்த்துக்கிட்டிருக்கும்போதே கத்திக்குத்து. உடம்புல ஐம்பதுக்கும் மேல காயம்.

சமுந்தருக்கு ஆயுள் தண்டனை. சுவாமி சதானந்த்னு ஒரு கத்தோலிக்கத் துறவி ஜெயிலுக்குப் போய் அவரோட பேச ஆரம்பிச்சார். 2002ல, ராக்கி சமயத்துல, ராணி மரியாவோட தங்கை செல்மி பால், அவங்களும் கன்னியாஸ்திரிதான், ஜெயிலுக்கே போய் தன் அக்காவைக் கொன்ன கையில ராக்கி கட்டினாங்க. அவரை விடுதலை பண்ணச் சொல்லி அந்தக் குடும்பமே மனு போட்டது.

எங்க பாஷையில இதை டெலீட்னு சொல்ல முடியாது. கிட்ல ரிவர்ட் அடிச்சா பழைய கமிட் அழியாது, ஹிஸ்டரியில அப்படியே இருக்கும். அதுக்கு மேல புதுசா ஒண்ணு சேரும், அவ்வளவுதான். ராணி மரியா திரும்பி வரப்போறதில்லை, செல்மிக்கு அது தெரியாதா?

2006ல சமுந்தர் வெளியே வந்தார். 2007ல புல்லுவழிக்குப் போய் ராணி மரியாவோட அப்பா அம்மா முன்னாடி நின்னார். அந்த அம்மா அவர் கைகளைப் பிடிச்சு முத்தம் கொடுத்தாங்க.