சோற்றில் பங்கு கேட்கும் புழு

1895-இல் பெரியாறு அணை நீர் கம்பம் பள்ளத்தாக்கை வந்தடைந்தது. நெல் வயல்கள் செழித்தன. ஆனால் ஈர மண் நெல்லுக்கு மட்டுமா ஏற்றது? நாக்குப்பூச்சி எனப்படும் உருளைப்புழுவின் முட்டைகளுக்கும் அதுவே தொட்டில்!

குடலில் வாழும் பெண் உருளைப்புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லட்சம் முட்டைகள் வரை இடும். மலத்துடன் மண்ணில் விழும் அவை, ஈரமும் நிழலும் கிடைத்தால் சில வாரங்களில் நோய் தரும் நிலையை அடைகின்றன. மண்ணில் விளையாடும் குழந்தையின் விரல்களே அவற்றை வாய்க்குக் கொண்டு செல்கின்றன. குழந்தை உண்ணும் சத்தில் புழுவும் பங்கு பெறுகிறது.

இதையறிந்தே, 1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், எடை பார்த்தல், சத்துமாவு வழங்கல் ஆகியவற்றுடன் குடற்புழு மருந்தும் இடம்பெற்றது. தேனியும் கம்பமும் அன்று மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்தன. 1982 ஜூலை 1-இல் சத்துணவுத் திட்டம் பாலவாடிகளுக்கு மதிய உணவைக் கொண்டுவந்தது. 2015-இல் தேசியக் குடற்புழு நீக்க நாள் தொடங்கியது. அன்று அங்கன்வாடிகளில் அல்பெண்டசோல் மாத்திரை தரப்படுகிறது: ஒன்று முதல் இரண்டு வயது வரை அரை மாத்திரை, அதற்கு மேல் முழு மாத்திரை.

எனினும் ஏன் மீண்டும் மீண்டும் மருந்து தர வேண்டும்? மாத்திரை குடலிலுள்ள புழுவை நீக்கும். மண்ணிலுள்ள முட்டையை ஒன்றும் செய்யாது. கழிப்பறையும், உண்ணுமுன் சோப்பிட்டுக் கை கழுவும் பழக்கமும் இல்லாத இடத்தில் புழு திரும்பவும் வரும். தட்டில் இடும் சோறு முழுவதும் குழந்தைக்கே சேர வேண்டுமானால், மையத்தின் வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் நாள்தோறும் இருக்க வேண்டும்.