மடல்களில் வாழ்ந்த பெரியப்பா

உறவினருள் சிலரைப் பழகி அறிகிறோம். சிலரை அவர்தம் மடல்களைப் படித்தே அறிகிறோம். ஒல்லாந்து நாட்டு ஓவியர் வின்சென்ட் வான் கோ (1853-1890) தம் தம்பியின் மனைவிக்கும் மகனுக்கும் பெரும்பாலும் மடல்களின் வழியே அறிமுகமானவர்.

அவர் உலகியலுக்கு ஒத்துவராத மனிதர். பெல்ஜிய நாட்டின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் சமயத் தொண்டாற்றச் சென்றவர், தம் உடைகளைத் தொழிலாளர்க்கு ஈந்துவிட்டுக் குடிசையில் உறங்கினார். இது அளவு கடந்த செயல் எனக் கருதிய மேலிடத்தார், 1879இல் அவர் பணியை நீட்டிக்க மறுத்தனர். பின்னர் ஓவியமே வாழ்வெனக் கொண்ட தமையனுக்குத் தம்பி தியோ தவறாது பொருளனுப்பினார். தமையனோ மடல்களும் ஓவியங்களும் அனுப்பினார். 1872இல் தொடங்கித் தம்பிக்கு அவர் எழுதிய மடல்களுள் 650 அளவில் இன்றும் உள்ளன.

ஆங்கில ஆசிரியையாகப் பணியாற்றிய யோகன்னா போங்கரைத் தியோ 1889இல் மணந்தார். 1890 சனவரி 31இல் பிறந்த மகனுக்குப் பெரியப்பாவின் பெயரையே சூட்டினர். மகிழ்ந்த வின்சென்ட், நீல வானின்கீழ்ப் பூத்த பாதாம் கிளைகளைக் குழந்தைக்காகத் தீட்டினார். அவ்வாண்டு மே திங்களில்தான் யோகன்னா அவரை முதன்முதல் கண்டார். நோயாளி ஒருவரை எதிர்பார்த்தவர், அகன்ற தோளும் மலர்ந்த முகமும் உடைய மனிதரைக் கண்டு வியந்தார். தொட்டிலில் உறங்கிய குழந்தையை நோக்கிச் சகோதரர் இருவரும் கண்ணீர் மல்க நின்ற காட்சியையும் அவர் பின்னாளில் எழுதியுள்ளார். யோகன்னா அவரோடு இருந்த நாள்களைக் கூட்டினால் ஒரு வாரங்கூட நிறையாது. சூலை 29இல் வின்சென்ட் மறைந்தார். 1891 சனவரி 25இல் தியோவும் மறைந்தார்.

இருபத்தெட்டு வயதில் கைம்பெண்ணான யோகன்னாவிடம் எஞ்சியவை ஒரு குழந்தை, விலைபோகாத நூற்றுக்கணக்கான ஓவியங்கள், ஒரு கட்டு மடல்கள். சிற்றூர் ஒன்றில் தங்கும் விடுதி நடத்திப் பிழைத்த அவர், இரவுதோறும் அம்மடல்களைப் படித்தார். அவற்றில் அவர் முதலில் தேடியது மறைந்த கணவரையே. ஆயினும் படிக்கப் படிக்க வின்சென்டின் முழு உருவமும் அவர் உள்ளத்தில் தெளிந்தது.

அம்மடல்களை அவர் உடனே அச்சிடவில்லை. படைப்பின் பெருமை உணரப்படுமுன் படைப்பாளியின் துயரக் கதையைப் பரப்புவது மறைந்தவர்க்குச் செய்யும் நீதியன்று எனக் கருதினார். ஆகவே ஓவியங்களே முதலில் மக்களிடம் சென்றன. 1905இல் ஆம்சுடர்டாம் நகரில் நானூற்றுக்கு மேற்பட்ட படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார். மடல்களிலோ பெரும்பாலானவற்றில் நாள் குறிக்கப்படவில்லை. செய்திகளை ஒப்புநோக்கி அவற்றை வரிசைப்படுத்துவதே பெரும்பணியாயிற்று. 1914இல் அவை மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. அவ்வாண்டிலேயே தியோவின் எச்சங்களைப் பிரான்சுக்குக் கொணர்ந்து தமையனின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்வித்தார். பின்னர் மடல்களை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கியவர், அப்பணி முடியுமுன்பே 1925இல் மறைந்தார்.

தொட்டிலில் கிடந்த குழந்தை வளர்ந்து பொறியாளரானார். முகம் நினைவில்லாத பெரியப்பாவின் மடல்களை அவரும் விரிவாகப் பதிப்பித்தார். குடும்பச் சேமிப்பு சிதறாதிருக்க 1960இல் அறக்கட்டளை அமைந்தது. 1973இல் ஆம்சுடர்டாமில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பாதாம் மலர் ஓவியம் இன்றும் அங்கேதான் உள்ளது.

தம்பி அம்மடல்களைக் காக்காதிருந்தால் வின்சென்டைப் பித்தர் என்ற ஒரு சொல்லிலேயே உலகம் அடக்கியிருக்கும். வரலாற்றுச் சான்றுகள் அரண்மனைகளில் மட்டும் இருப்பதில்லை. வீட்டுப் பெட்டியின் அடியிலும் இருக்கின்றன. பழைய தாளென்று ஒரு மடலை எறியுமுன் அதை ஒருமுறை படித்துப் பார்ப்பது நம் மாணவர்க்கு வழக்கமாகட்டும்.