கார்பனைல் பட்டையின் நகர்வு: ஒரு பாலிமர்க் கலவையைக் குறித்த மறுபரிசீலனை

பாலிகாப்ரோலாக்டோனும் பி.வி.சி.யும் ஒன்றோடொன்று கலந்து ஒரே கண்ணாடிமாற்ற வெப்பநிலையைக் காட்டுகின்றன என்று 1969-ல் கோலெஸ்கேயும் லண்ட்பெர்க்கும் வெளியிட்ட பின்னர், பெரும்பாலான பாலிமர்கள் தம்முள் கலக்க மறுக்கையில் இவ்விரண்டு மட்டும் ஏன் இசைகின்றன என்ற வினா ஆராய்ச்சியாளரை விடாது தொடர்ந்தது. பி.வி.சி.யில் குளோரினைத் தாங்கும் கார்பனோடு ஒட்டியுள்ள ஹைட்ரஜன், எஸ்டரின் கார்பனைல் ஆக்ஸிஜனை நாடுகிறது என்பது 1975-ல் ஒலாபிசி வாயு நிறப்பகுப்பின் துணைகொண்டு செய்த அனுமானம். அந்த அனுமானத்தை அகச்சிவப்பு நிறமாலை பிரத்தியட்சமாக்கிவிட்டது என்று சொல்வோர் ஆதாரமாகக் காட்டுவது கோல்மனும் சாரியனும் 1979-ல் எழுதிய கட்டுரையை. அக்கட்டுரையின் அளவீடுகளில் எனக்குச் சந்தேகமில்லை. அவற்றின்மீது ஏற்றப்பட்ட வியாக்கியானத்தில்தான் உடன்பாடில்லை.

பட்டையையே சற்று நெருங்கிப் பார்ப்போம். பாலிகாப்ரோலாக்டோனின் கார்பனைல் குழு, படிகத்தினுள் இருக்கும்போது சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1724 என்ற அலையெண்ணிலும், ஒழுங்கற்ற பகுதியில் இருக்கும்போது 1737-லும் ஒளியை உறிஞ்சுகிறது. பி.வி.சி.யின் விகிதம் ஏற ஏற, 1737-ல் நின்ற பட்டை சிறுகச் சிறுகக் கீழிறங்கி 1731-ஐ ஒட்டி வந்து நிற்கிறது. இது எஞ்சிய படிகத்தின் சாயல் கலந்ததால் வந்த மயக்கம் என்று தள்ளிவிட முடியாது; ஏனெனில் படிகம் உருகிய நிலையிலும் அளந்திருக்கிறார்கள், பி.வி.சி. மிகுந்த கலவைகளிலோ பாலிகாப்ரோலாக்டோன் படிகமாவதே இல்லை. ஆகவே நகர்வு மெய்தான். ஆனால் அது எதற்குச் சாட்சி?

ஆறு அலையெண் என்பது அப்பட்டையின் அகலத்தில் ஒரு சிறு கூறு. அசிட்டோனை ஹெக்சேனிலிருந்து எடுத்துக் கார்பன் டெட்ராகுளோரைடில் கரைத்தால், தருவதற்கு ஒரு ஹைட்ரஜன்கூட இல்லாத அத்திரவத்திலும் அதன் கார்பனைல் பட்டை சில அலையெண்கள் கீழே போகிறது. சூழலின் முனைவுத்தன்மையும் ஒளிவிலகல் எண்ணும் மாறுவதே அதற்குப் போதும். கார்பனைல்கள் தம் இனத்தையே சுற்றிலும் கொண்டிருந்த நிலை மாறி, குளோரின் செறிந்த சங்கிலிகளுக்கு நடுவே வந்து சேரும்போது அத்தகைய விளைவு இங்கும் நேராது என்று எண்ண முகாந்திரம் இல்லை. நீர்த்தலின் விளைவைத் தனியே பிரித்தெடுக்க வேண்டுமென்று 1983-ல் கார்ட்டன், குசின், புருதோம் ஆகியோர் வற்புறுத்தினர். அவ்வெச்சரிக்கை கோல்மனின் முடிவைப் போல மேற்கோளாக எடுத்தாளப்படவில்லை என்பது என் எண்ணம். உடன்பாட்டுச் செய்தி பரவும் வேகத்தில் எதிர்மறைச் செய்தி பரவுவதில்லை போலும்.

மாறாக, கோல்மனும் பெயிண்டரும் பிற்பாடு பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த பாலிவினைல் பீனால் கலவைகளைப் பாருங்கள். பாலிவினைல் அசிடேட்டோடு அதைக் கலந்தால், 1737-ஐ ஒட்டிய பட்டை நகர்வதில்லை. அது குன்ற, 1710-ஐ ஒட்டி வேறொரு பட்டை எழுந்து வளர்கிறது. பிணைந்த கார்பனைல் இன்னது, பிணையாதது இன்னது என்று இரண்டையும் எண்ணிவிடலாம். உறிஞ்சுதிறன்களின் விகிதம் ஏறத்தாழ 1.5 என்று கொண்டு பின்னத்தைக் கணித்தும் விடலாம். இந்த நிரூபணத்தின் உறுதியைத்தான், என் கணிப்பில், பின்வந்தோர் அறியாமலேயே 1979-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கும் கடனாகக் கொடுத்துவிட்டார்கள். பிணைப்பு மிகப் பலவீனமாயின் இரு பட்டைகளும் பிரியாமல் ஒன்றினுள் ஒன்று மறையலாம் என்ற சமாதானத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பிணைப்பு இருக்கக்கூடும் என்று காட்டுமே அன்றி, இருக்கிறது என்று காட்டாது. கார்பனைலோடு இணைவது அந்த ஹைட்ரஜனா, பி.வி.சி.யின் கார்பன்–குளோரின் இருமுனையா என்ற வழக்கில் இப்பட்டை ஒருபக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை.

மற்றொரு குறையும் உண்டு. நிறமாலை அண்டை அயலைச் சொல்கிறது. எந்த அயல் எங்கே இருக்கிறது என்று சொல்வதில்லை. 1976-ல் கம்பட்டா, வார்னர், ரஸ்ஸல், ஸ்டீன் ஆகியோர் சிறுகோண எக்ஸ்-கதிர்ச் சிதறலைக் கொண்டு, பாலிகாப்ரோலாக்டோன் படிகத் தகடுகளின் இடைவெளிகளில் பி.வி.சி. தங்கியிருப்பதைக் கண்டனர். அவ்விடைவெளிகள் நானோமீட்டர்களில் அளக்கப்படுபவை.

இடத்தைச் சொல்லும் சாதனமான அகச்சிவப்பு நுண்ணோக்கி வேறொரு வழியாக வந்தது. 1947-ல் பர்ச் விவரித்த பிரதிபலிப்பு நுண்ணோக்கியும், 1949-ல் ஆக்ஸ்போர்டில் பேரர், கோல், தாம்சன் மூவரும், தனியே கோரும் வெளியிட்ட பரிசோதனைகளும் நூலிழைகளையும் துகள்களையும் நாடினவேயன்றிக் கலவைகளை அல்ல. ஃபூரியர் மாற்ற நிறமாலைமானிகளோடு அது இணைந்து புத்துயிர் பெற்றது 1980-களின் முற்பகுதியில். லூயிஸ் முதலியோர் அணி உணர்விகளால் நிறமாலைப் படங்களை எடுத்தது 1995-ல். கலவை ஆராய்ச்சியும் நுண்ணோக்கியும் சந்தித்த காலம் இவற்றுள் எது என்பது, கலவைத் துண்டு ஒன்றைக் கருவியின்கீழ் வைத்ததையே தொடக்கமாகக் கொள்வதா, அதன் பரப்பு முழுவதையும் வரைபடமாக்கியதைக் கொள்வதா என்பதைப் பொறுத்தது. பின்னதையே கொள்ள நான் விரும்பினும், முன்னதற்கும் நியாயம் உண்டு.

எப்படியாயினும் கார்பனைல் கிரணத்தின் அலைநீளம் 5.76 மைக்ரோமீட்டர், 0.6 என்ற எண்துளை கொண்ட பொருளருகு ஆடியால் அதற்கு நெருங்கிய அளவையே பிரித்துணர முடியும். படிகத் தகட்டின் இடைவெளி அதில் பல நூற்றிலொரு பங்கு. 2005-ல் டாசி முதலியோர் அணுவிசை நுண்ணோக்கியின் கூர்முனையால் உறிஞ்சலை உணரும் உபாயத்தை வெளியிட்டபோது, அலைநீளம் விதித்த இவ்வெல்லையைத் தளர்த்தும் வழியொன்று கிட்டியது. முதலில் நூறு நானோமீட்டரை ஒட்டியிருந்த அதன் நுண்மை பின்னர்ப் பத்து நானோமீட்டரை நெருங்கியிருப்பதால், தகடுகளின் இடைவெளியிலேயே அந்த ஆறு அலையெண் நகர்வைத் தேடுவது இனி வீண் முயற்சியாகாது. ஆயினும் அங்கே அது கிட்டினாலும், ஹைட்ரஜனா குளோரினா என்ற வழக்கு இடத்தால் தீர்வதன்று, ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் ஏற்றிய பி.வி.சி.யின் நிறமாலையையும் பக்கத்தில் வைத்தே அதை விசாரிக்க வேண்டியிருக்கும்.